ஏ. எம். முருகப்ப செட்டியார்

திவான் பகதூர் ஏ. எம். முருகப்ப செட்டியார் (1884 - 1949) தமிழ்நாட்டைச் சேர்ந்த வணிகரும் தொழில் முனைவோரும் ஆவார். இவர் பர்மாவில் தொடங்கிய வட்டித்தொழிலே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட முருகப்பா குழுமமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே தம் முதலீடுகளைப் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு மாற்றியமைக்காக இவர் குறிப்பிடப்படுகிறார்.

இளமை

இன்றைய சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளத்தூரில் நகரத்தார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 14 ஆம் வயதில் பர்மாவுக்குச் சென்று உறவினரின் கடையில் தொழில் பழகினார். நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் எனப் படிப்படியாக உயர்வது வழக்கம். பேரேடு எழுதுதல், ஐந்தொகை எடுத்தல், கடன் கேட்பவரின் நாணயத்தை எடைபோடுதல் ஆகியன இப்பயிற்சியின் பகுதிகளாகும்.

பர்மாவில் வணிகம்

1900 ஆம் ஆண்டில் மோல்மேன் நகரில் சொந்தமாக லேவாதேவித் தொழிலைத் தொடங்கினார். பின்னர் இத்தொழில் மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்கும் பரவியது.

கீழ்ப் பர்மாவின் நெற்பயிர்த் தொழிலுக்குப் பெருமளவில் கடன் வழங்கியவர்கள் நகரத்தார்களே. 1930 ஆம் ஆண்டையொட்டி ஏற்பட்ட உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. உழவர்களால் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமற் போகவே, அடகு நிலங்கள் கடன் கொடுத்தோரின் கைக்கு வந்தன. முதன்மையான 13 நெல் விளையும் மாவட்டங்களில், 1930 இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1938 இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. கணக்கேட்டில் சொத்து பெருகினாலும், அதனைப் பணமாக்குவது கடினமாயிற்று. பர்மிய மக்களிடையே எதிர்ப்பும் வளர்ந்தது. 1937 இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக அடிப்படையில் பிரிக்கப்பட்டது.

தாயகம் திரும்புதல்

1930களில் முருகப்ப செட்டியார் பர்மாவிலிருந்த தம் சொத்துக்களை இந்தியாவுக்கு மாற்றினார். பல்லாண்டு உழைப்பில் உருவான வணிகத்தை விட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்ததால் இது எளிய முடிவன்று. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் வசமானது. பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் அகதிகளாக வெளியேறினர். 1948 இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. விலை மீளும் எனக் காத்திருந்த நகரத்தார் பலர் தம் உடைமைகளை இழந்தனர்.

தொழிற்றுறை

திரும்பக் கொணர்ந்த முதல் வட்டித்தொழிலில் மட்டும் இடப்படாமல் உற்பத்தித் தொழில்களில் இடப்பட்டது. உப்புத்தாள், எஃகு அறைகலன்கள் ஆகியவற்றின் தயாரிப்பு தொடங்கப்பட்டது. இத்தகைய தொழில்கள் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். முருகப்ப செட்டியார் மறைந்த 1949 ஆம் ஆண்டிலேயே, பிரித்தானிய நிறுவனம் ஒன்றின் கூட்டுடன் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது. 1954 இல் கார்போரண்டம் யுனிவர்சல் உருவானது. 1981 இல் பழமையான பாரி நிறுவனம் குழுமத்தின் வசமானது.

அறப்பணிகள்

1924 ஆம் ஆண்டில் பள்ளத்தூரில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். சென்னையில் வேளச்சேரியை அடுத்த தரமணியிலுள்ள முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் இவருடைய மகன் ஏ. எம். எம். முருகப்ப செட்டியாரின் பெயரைத் தாங்கியது.

மதிப்பீடு

நீண்டகால முதலீடு என்பது வாங்கிய சொத்தை எந்நிலையிலும் கைவிடாதிருத்தல் எனப் பொருள்படாது என்பதற்கு இவரது வாழ்வு எடுத்துக்காட்டாகும். ஒரு சொத்தின் ஏட்டு மதிப்பும் அதிலிருந்து உண்மையில் மீட்கக்கூடிய மதிப்பும் வேறுபடலாம். அவ்வேறுபாட்டை உரிய காலத்தில் உணர்ந்து செயற்பட்டமையே இவரது குடும்பத்தின் பிற்கால வளர்ச்சிக்கு அடிப்படையாயிற்று.