ஐதரசனில் எரிந்த முதல் ஜெற்: ஹான்ஸ் வொன் ஓகைன்

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலடியில் எப்போதாவது ஒரு ஜெற் விமானம் தாழப் பறந்து போனால், கூட்டத்தில் யார் வன்னியிலிருந்து வந்தவர் என்று கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். எம்மவர்கள் ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கிபிரின் இரைச்சல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. பங்கருக்குள் குப்புறக் கிடந்த நாட்களில் அந்த இரைச்சல் எப்படி உண்டாகிறது என்று யாரும் யோசித்ததில்லை. எங்கே போடப் போகிறான் என்பதுதான் யோசனை.

ஜெற் இயந்திரத்தைத் தந்தவர்களில் ஒருவர், விமானச் சத்தம் பிடிக்காமல்தான் அந்த வேலையைத் தொடங்கினார் என்பது விசித்திரமான செய்தி. அவர் ஹான்ஸ் வொன் ஓகைன். 1911 டிசெம்பர் 14 ஆம் திகதி ஜேர்மனியின் டெசாவ் நகரில் பிறந்தவர். கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்த 1933 இல், உந்திகள் மேலும் கீழும் அடிக்கும் பழைய விமான இயந்திரத்தின் இரைச்சலும் அதிர்வும் அவருக்கு அருவருப்பாகப் பட்டன. காற்றை ஒரு பக்கம் உள்ளே இழுத்து, அமுக்கி, எரிபொருளை எரித்து, சூடான வாயுவாக மறுபக்கம் தள்ளினால் என்ன? வெளியேறும் வாயுவே ஒரு சுழலியைச் சுற்றும். சுழலி, காற்றை அமுக்கும் சக்கரத்தைச் சுற்றும். இடைவிடாத ஓட்டம், அவ்வளவுதான்.

தாளில் அவ்வளவுதான். செய்து பார்க்க ஆள் வேண்டுமே. தன் காரைத் திருத்தக் கொடுக்கும் கராஜில் வேலை செய்த மக்ஸ் ஹான் என்ற மெக்கானிக்கைப் பிடித்தார். ஓகைன் தன் சொந்தக் காசைப் போட, ஹான் தகரத்தை வெட்டி ஒட்டி ஒரு மாதிரியைச் செய்தார். அது தானாக ஓடவில்லை. பெற்றோல் ஆவியாகிக் காற்றோடு கலந்து எரிந்து முடிவதற்கு உள்ளே இடம் போதவில்லை. நெருப்பு சுழலியையும் தாண்டி வெளியே வந்து எரிந்தது. ஆனாலும் பேராசிரியர் றொபேட் போல் மாணவனைக் கைவிடவில்லை. விமானம் கட்டும் ஏர்ன்ஸ்ட் ஹைன்கலுக்குப் பரிந்துரை எழுதினார். 1936 ஏப்ரலில் ஓகைனும் ஹானும் ரொஸ்ரொக் நகரிலிருந்த ஹைன்கல் கம்பனியில் சேர்ந்தார்கள்.

ஹைன்கல் பொறுமைசாலியல்ல. இயந்திரம் உடனே ஓட வேண்டும். இங்கேதான் ஓகைனின் கெட்டித்தனம் இருக்கிறது. எரிபொருளின் சிக்கலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இயந்திரத்தின் தத்துவம் சரி என்பதை முதலில் காட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தார். அதற்கு அவர் தேர்ந்தது ஐதரசன். ஆவியாக வேண்டிய தேவையே இல்லாத வாயு. மூட்டியவுடன் எரிந்து முடிந்துவிடும்.

ஆனால் அது விளையாடக்கூடிய பொருளல்ல. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும். 75 சதவீதம் வரையும் பற்றும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது. எல்லாவற்றையும் விட ஆபத்தானது சுடரின் ஓட்டம். இயற்கை வாயுவின் சுடரை விடப் பல மடங்கு வேகம். காஸ் அடுப்பைக் குறைக்கும்போது சில நேரம் டப்பென்று நெருப்பு கீழே இறங்கி, பேணருக்கு உள்ளேயே எரிவதைப் பார்த்திருப்பீர்கள். வாயு வரும் வேகத்தை விடச் சுடர் பின்னோக்கி ஓடும் வேகம் கூடினால் நடப்பது அது. ஐதரசன் அதை இன்னும் இலகுவாகச் செய்யும்.

ஓகைன் ஐதரசனையும் காற்றையும் முன்கூட்டியே கலக்கவில்லை. காற்று போகும் பாதையில் உள்ளே பொள்ளலான தகடுகளை வரிசையாக நிறுத்தினார். அவற்றின் மொட்டையான பின் ஓரத்தில் நிறையச் சின்னத் துளைகள். ஐதரசன் அவற்றால் வெளியே வரும். மொட்டை ஓரத்துக்குப் பின்னால் காற்று வேகமிழந்து சுழலும். காற்றடிக்கும் நாளில் மதிலின் மறைவில் நின்று பீடி பற்றவைப்பது போல, சுடர் அந்த மறைவில் பிடித்து நிற்கும். தகட்டுக்குள்ளே ஐதரசன் மட்டுமே இருப்பதால், ஒட்சிசன் இல்லாமல் நெருப்பு உள்ளே போக வழியில்லை. 1937 இல் அந்த இயந்திரம் ஓடியது. அதே வருடம் ஏப்ரல் 12 இல் பிரித்தானியாவில் பிராங் விட்டில் தன் இயந்திரத்தைத் திரவ எரிபொருளில் ஓட்டினார். இருவரும் சந்தித்தது போருக்குப் பின்னர்தான்.

பிறகு திரவ எரிபொருளோடு மல்லுக்கட்டு. 1939 ஓகஸ்ட் 27 இல் ஏரிக் வாசிட்ஸ் ஓட்டிய ஹைன்கல் 178, உலகின் முதல் ஜெற் விமானமாகப் பறந்தது. ஐந்தாம் நாள் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது.

ஓகைன் பின்னர் வடிவமைத்த பெரிய இயந்திரம் போர்ச் சேவைக்கு வரவில்லை. ஜேர்மனியின் புகழ்பெற்ற ஜெற் சண்டை விமானத்தில் இருந்தது வேறொரு கம்பனியின் இயந்திரம். ஆனால் அவர் சம்பளம் வாங்கிய அதே ஹைன்கலின் ஒரானியன்பேர்க் தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகள் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டார்கள். விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போவதுண்டு. முகாம் என்றால் என்னவென்று தெரிந்த நாங்கள் தாண்டிப் போக முடியாது.

1947 இல் அமெரிக்கா அவரைக் கொண்டுபோனது. ஓஹாயோவில் விமானப்படை ஆய்வுகூடங்களில் தலைமை விஞ்ஞானியானார். 1991 இல் விட்டிலோடு சேர்த்து டிரேப்பர் பரிசு கிடைத்தது. 1998 மார்ச் 13 இல் புளோரிடாவில் காலமானார். கிபிரின் வயிற்றிலிருந்த ஜே79 அமெரிக்க வடிவமைப்பு. அதில் அவரது கை பட்டதாகச் சொல்ல முடியாது. தத்துவம் மட்டும் அதுவே.

இப்போது புகைக்கரி இல்லாத எரிபொருள் தேடி உலகம் மறுபடி ஐதரசனிடம் வந்திருக்கிறது. கலக்காமல் எரித்தால் சுடர் மிகச் சூடாகி நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகும். முன்கூட்டியே கலந்தால் நெருப்பு பின்னால் ஓடும். இரண்டுக்கும் நடுவில் வழி தேடியவர்கள் கடைசியில் வந்து நின்றதும் ஏராளமான சின்னத் துளைகளில்தான். ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிச் சுடர். சூடு கூடுவதற்குள் எரிந்து முடியும். ஜப்பானின் கோபே துறைமுகத்தில் 2020 இல் அப்படியொரு சுழலி தனி ஐதரசனில் ஓடியது.

கொச்சிக்கடையிலிருந்து அதிக தூரமில்லாத களனிதிஸ்ஸ மின்நிலையத்திலும் வாயுச் சுழலிகள் இருக்கின்றன. 2008 ஒக்டோபர் 28 இரவு புலிகளின் சிறு விமானம் குண்டு போட்ட அதே இடம். அங்கே எரிவது டீசலும் நப்தாவும். என்றாவது ஐதரசன் வந்தால், முதலில் கழற்றி மாற்ற வேண்டியது அந்த எரிபொருள் முனைகளைத்தான்.