27 ஆண்டு உழைப்பில் பிறந்த மருந்து நூல்: சீன மருத்துவர் லீ ஷிஜென்

பட்டணத்துச் சீன மருந்துக் கடைக்குள் நுழைந்தால் சுவர் நிறையச் சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும். ஒன்றில் வேர், ஒன்றில் பட்டை, இன்னொன்றில் காய்ந்த பூ. கடைக்காரர் எடுத்து, தராசில் நிறுத்து, தாளில் மடித்துக் கொடுப்பார். இழுப்பறையின் பெயரும் உள்ளே இருக்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறிப்போனால் மருந்தே நஞ்சாகிவிடும். அந்தப் பெயர்களையும் பொருள்களையும் ஒழுங்குபடுத்துவதற்காக 27 ஆண்டுகள் உழைத்தவர் லீ ஷிஜென்.

சீனாவில் மிங் பேரரசர்கள் ஆண்ட காலம் அது. 1518ஆம் ஆண்டு, இன்றைய ஹூபெய் மாநிலத்தில் உள்ள சீச்சோ என்ற ஊரில் லீ ஷிஜென் பிறந்தார். தாத்தா ஊர் ஊராகச் சென்று வைத்தியம் பார்த்தவர். தந்தை லீ யான்வென்னும் மருத்துவர்தான். ஆனால் அன்று மருத்துவருக்குச் சமுதாயத்தில் பெரிய மரியாதை இல்லை. மகனாவது படித்து அரசாங்க அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை.

லீ ஷிஜென் 14 வயதிலேயே முதல் கட்டத் தேர்வில் தேறினார். அடுத்த கட்டமான மாநிலத் தேர்வை மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் தோல்வி. இதற்கிடையே 20 வயதில் கடும் நோயில் விழுந்தார். ஒரு மாதத்துக்கும் மேலாகக் காய்ச்சல், இருமல். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தினமும் கிண்ணம் நிறையச் சளி வந்தது. மருந்துகள் உட்கொண்டும் நோய் இன்னும் முற்றியது. பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டனர்.

அப்போது தந்தை ஹுவாங்சின் என்ற ஒரே ஒரு வேரை எடுத்தார். இரண்டு கோப்பை நீரில் போட்டு, ஒரு கோப்பையாகச் சுண்டும் வரை காய்ச்சிக் கொடுத்தார். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. சளியும் இருமலும் பிறகு நின்றன.

சீன மருத்துவத்தின் அடிப்படை இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. உடம்பில் யின், யாங் என்ற இரண்டு தன்மைகள் சமமாக இருக்க வேண்டும். யின் குளிர்ச்சி, யாங் வெப்பம். ஒன்று மிஞ்சினாலும் குறைந்தாலும் நோய். ஒவ்வொரு மருந்துக்கும் சூடு, இளஞ்சூடு, குளுமை, குளிர்ச்சி என ஒரு குணம் உண்டு. மகனின் நுரையீரலில் சூடு ஏறியிருப்பதாகத் தந்தை கணித்தார். அதைத் தணிக்கும் குளிர்ச்சியான வேரைக் கொடுத்தார். இது சூடு, அது குளிர்ச்சி என்று பார்த்துச் சமைக்கும் நம் வீடுகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

நோயை அறிய நான்கு வழிகள் உண்டு. முகத்தையும் நாக்கையும் பார்ப்பது, குரலைக் கேட்டு வாடையை முகர்வது, நோயாளியிடம் விசாரிப்பது, நாடி பிடிப்பது. பிற்காலத்தில் லீ ஷிஜென் 27 வகை நாடிகளை விளக்கி, மாணவர்கள் மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுள் நடையில் 1564இல் ஒரு நூல் எழுதினார். ஊசி குத்துவதும், மாச்சிப்பத்திரி இலையைப் பஞ்சாக்கி எரித்துச் சூடு காட்டுவதும் இந்த மருத்துவத்தின் மற்ற சிகிச்சைகள். அந்த இலைக்குப் பேர்போன ஊர் சீச்சோ.

தேர்வைக் கைவிட்டுத் தந்தையிடமே தொழில் கற்ற லீ ஷிஜென், விரைவில் பெயர் பெற்றார். ஓர் இளவரசரின் பேரப்பிள்ளைக்கு எரிந்த விளக்குத் திரியின் கரியைத் தின்னும் பழக்கம் இருந்தது. அந்த வாடை பட்டாலே கேட்டு அழுவான். மண் தின்னும் பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்று நம் பாட்டிமார் சொல்வது போலவே லீ ஷிஜென்னும் கணித்தார். பூச்சி மருந்து உருண்டைகள் கொடுத்தார், பழக்கம் நின்றது. பிறகு சூ இளவரசரின் மாளிகையில் வேலை கிடைத்தது. அங்கிருந்து பெய்ஜிங் அரண்மனை மருத்துவக் கழகத்துக்கும் அனுப்பப்பட்டார். அந்தப் பெரிய பதவியில் அவர் நீடிக்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டில் ஊர் திரும்பிவிட்டார்.

காரணம், அவர் மனத்தில் வேறு வேலை இருந்தது. பழைய மருந்து நூல்களில் ஒரே செடி இரண்டு பெயர்களில் இரண்டு மருந்தாக எழுதப்பட்டிருந்தது. வெவ்வேறு செடிகள் ஒரே மருந்தாகக் கலந்திருந்தன. பாதரசம் சாப்பிட்டால் சாவே வராது என்றுகூட எழுதியிருந்தார்கள். அதை நம்பி உயிரை விட்டவர்கள் பலர்.

1552இல், 34 வயதில், அவர் எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய 800 நூல்களைப் படித்தார். அதோடு நிற்காமல் மலையேறினார். விவசாயி, மீனவர், வேடர், விறகு வெட்டுபவர் என எல்லோரிடமும் கேட்டறிந்தார். எறும்புத்தின்னி எப்படி இரை தேடுகிறது என்று அறிய, அதன் வயிற்றை அறுத்து உள்ளே நிறைந்திருந்த எறும்புகளை அளந்து பார்த்தார். ஊமத்தைப் பூவைச் சாராயத்தில் கலந்து தாமே குடித்துப் பார்த்தார். அந்தப் பூவின் சீனப் பெயர் வடமொழியிலிருந்து போனது. அறுவை செய்யும்போது வலி தெரியாமல் இருக்க அது உதவும் என்று குறித்து வைத்தார். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் உடல் மஞ்சளாகி மடிவதையும் பதிவு செய்தார்.

மூன்று முறை திருத்தி எழுதி, 1578இல் முடித்தபோது அவருக்கு வயது 60. பென்சாவ் கங்மு என்ற அந்நூலில் 52 பாகங்கள், 1,892 மருந்துப் பொருள்கள், 11,000க்கும் மேற்பட்ட மருந்து முறைகள், 1,100க்கும் மேற்பட்ட படங்கள். 374 மருந்துகளை அவரே புதிதாகச் சேர்த்தார். நாம் அன்றாடம் சமைக்கும் இஞ்சி, மஞ்சள், மிளகு, பாகற்காய் எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளும் பேரர்களும் படம் வரைந்தும் பிழை பார்த்தும் துணை நின்றனர்.

ஆனால் அச்சிட ஆள் கிடைக்கவில்லை. 1580இல் புகழ்பெற்ற அறிஞர் வாங் ஷிஜென்னிடம் முன்னுரை கேட்டுப் போனார். அது கைக்கு வந்தது 1590இல்தான். அதன் பிறகே நான்ஜிங் நகரப் பதிப்பாளர் ஒருவர் முன்வந்தார். 1593இல் லீ ஷிஜென் காலமானார். தம் நூல் மக்களிடம் போய்ச் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

1596இல் மகன் லீ ஜியன்யுவான் நூலைப் பேரரசரிடம் சமர்ப்பித்தார். அரண்மனை அதை வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். மருத்துவர்களோ அதைக் கைவிடவில்லை. மீண்டும் மீண்டும் அச்சானது. 1607க்குள் ஜப்பானையும் எட்டியது. 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

அந்நூலில் உள்ள எல்லாவற்றையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எறும்புத்தின்னியின் செதிலை 2020இல் சீனாவே தன் அதிகாரப்பூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. பழைய நூல் சொல்கிறது என்பதற்காக எதையும் அப்படியே நம்பாமல், பார்த்தும் கேட்டும் சோதித்தும் திருத்த வேண்டும் என்பதுதான் லீ ஷிஜென் வாழ்ந்து காட்டிய வழி. அவர் நூலையும் அப்படித் திருத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையே.