ஒரு பேய்... இரண்டு அப்பா! - லண்டனையே வாயடைக்க வைத்த 'பெப்பர்ஸ் கோஸ்ட்' கதை

ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் சீட். விருத்தாசலம் தாண்டியதும் வெளியே கும்மிருட்டு, உள்ளே லைட் வெளிச்சம். ஜன்னல் கண்ணாடியில் உங்க முகம் வயக்காட்டு மேல மிதக்குற மாதிரி தெரியும், கவனிச்சிருக்கீங்களா? டிரைவர் லைட்டை ஆஃப் பண்ணினா அந்த முகம் காணாமப் போயிடும்.

இந்தச் சின்ன விஷயத்தை வெச்சுத்தான் 160 வருஷத்துக்கு முன்னாடி லண்டன் மேடையில ஒருத்தர் பேயைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் பெயர் ஜான் ஹென்றி பெப்பர். ஆனா, அந்தப் பேய் முழுசா அவருடையது இல்லை!

வாத்தியாரா, வித்தைக்காரரா?

பெப்பர் 1821-ல் லண்டனில் பிறந்தவர். படிச்சது வேதியியல். ரீஜென்ட் தெருவில் இருந்த ராயல் பாலிடெக்னிக்கில் வேலை. பாலிடெக்னிக்னு சொன்னதும் நம்ம ஊர் டிப்ளமோ காலேஜை நினைச்சுக்காதீங்க. நாம சினிமாவுக்குப் போற மாதிரி, மக்கள் டிக்கெட் எடுத்து அறிவியல் பார்க்கப் போன இடம் அது. புரியாத விஷயத்தையும் சுவாரஸ்யமா நடத்திக் காட்டுறதுல பெப்பர் கில்லாடி. சீக்கிரமே அந்த நிறுவனத்துக்கே தலைமை ஏற்றார்.

ஐடியா யாரோடது?

இப்போ கதைக்குள்ள இன்னொருத்தர் வர்றார். ஹென்றி டர்க்ஸ், லிவர்பூலைச் சேர்ந்த இன்ஜினீயர். மேடையில் பெரிய கண்ணாடியை நிறுத்தி, பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் ஒரு நடிகரை நிற்கவைத்து, அவர்மேல் வெளிச்சம் அடிச்சா, அவரோட பிம்பம் மேடையில் பேயா தெரியும்னு 1858-லேயே சொன்னவர் அவர்தான். ஆனா அவர் சொன்னபடி செய்யணும்னா தியேட்டரையே இடிச்சுக் கட்டணும். எந்த முதலாளியும் சீண்டலை.

1862-ல் அந்த யோசனை பெப்பர் கைக்கு வந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து, நடிகரை மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் மறைச்சா போதும், இருக்குற தியேட்டரிலேயே பேய் வரும்னு அவர் கண்டுபிடிச்சார்.

1862, டிசம்பர் 24. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய பேய்க் கதையிலிருந்து ஒரு காட்சி. வெறும் மேடையில் திடீர்னு ஒரு உருவம். அதுக்குப் பின்னால இருக்குற பொருளெல்லாம் அதன் வழியா தெரியுது. அரங்கமே உறைஞ்சு போச்சு. காட்சி முடிஞ்சதும் ரகசியத்தை விளக்கிடணும்னுதான் பெப்பர் திட்டம் போட்டிருந்தார். கூட்டத்தோட பிரமிப்பைப் பார்த்ததும் மனசை மாத்திக்கிட்டார். விளக்கம் கட். அடுத்த வருஷமே ரெண்டு பேர் பேரிலும் காப்புரிமை வாங்கப்பட்டது.

பேர் மட்டும் ஒருத்தருக்கு

பண உரிமை முழுவதையும் டர்க்ஸ் பெப்பருக்கே எழுதிக் கொடுத்துட்டார். அவருக்கு வேண்டியது பேர் மட்டும்தான். அதுதான் கிடைக்கலை. ஊரெல்லாம் 'பெப்பரோட பேய்'னே கூப்பிட்டுச்சு. மனசு நொந்து 1863-லேயே ஒரு புத்தகம் எழுதி நியாயம் கேட்டார் டர்க்ஸ். பத்து வருஷத்தில் அவர் காலமானபோதும் பேர் மாறலை.

பெப்பர் மட்டும் கடைசிவரை ஜெயிச்சுக்கிட்டே இருந்தாரா? அதுவும் இல்லை. 1872-ல் பாலிடெக்னிக்கை விட்டு வெளியேறி, நாடு நாடா காட்சி நடத்தினார். 1882-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வெடி வெடிச்சு மழை வரவைக்கிறேன்னு இறங்கினார். மழை வரலை, கேலிதான் வந்தது. சில வருஷம் கழிச்சு லண்டன் திரும்பி மறுபடி பேய் காட்டினார். பழைய கூட்டம் இல்லை. 1900-ல் மறைந்தார்.

அவர் போனாலும் பேய் போகலை. டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையிலும், 2014 தேர்தலில் மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிய ஹாலோகிராம் கூட்டங்களிலும் இருந்தது இதே கண்ணாடி வித்தைதான்.

அக்டோபர் 31-க்கு உங்க வீட்டில்!

கொலு முடிஞ்சு பெட்டிக்குள்ள போன விருத்தாசலம் பீங்கான் பொம்மை ஒண்ணை வெளியே எடுங்க. வெள்ளைப் பொம்மைன்னா சூப்பர். பளபளப்பான வெள்ளை, வெளிச்சத்தை நல்லா திருப்பி அனுப்பும்.

* மேஜை மேல ஒரு குட்டி நாற்காலியை வைங்க. அதுக்குப் பின்னால கறுப்புத் துணி கட்டுங்க.
* நாற்காலிக்கு முன்னால் ஒரு தெளிவான அக்ரிலிக் ஷீட்டை 45 டிகிரி திருப்பி செங்குத்தா நிறுத்துங்க. கண்ணாடின்னா ஓரங்களில் டேப் ஒட்டிடுங்க, கையைக் கிழிச்சிடும்.
* ஷீட் எந்தப் பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கோ, அந்தப் பக்கவாட்டில், உள்ளே கறுப்பு பேப்பர் ஒட்டிய அட்டைப்பெட்டியில் பொம்மையை வைங்க. பார்க்குறவங்க கண்ணுக்கு அது தெரியக் கூடாது.
* ஷீட்டிலிருந்து நாற்காலி எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் பொம்மையும் இருக்கணும். அப்பத்தான் பேய் சரியா நாற்காலியில உட்காரும்.
* ரூம் லைட்டை அணைச்சு, மொபைல் டார்ச்சை பொம்மை மேல மட்டும் அடிங்க. டார்ச் ஆன், பேய் வரும். ஆஃப், பேய் போயிடும்.

வீட்டுக் குட்டீஸ் அலறி முடிச்சதும் லைட்டைப் போட்டு, ஷீட்டையும் பொம்மையையும் காட்டிடுங்க. அன்னிக்கு ராத்திரி பெப்பர் செய்யாம விட்டது அதைத்தான். சொல்லும்போது டர்க்ஸ் பேரையும் சேர்த்தே சொல்லுங்க!