பாலரிடம் பாடம் கேட்ட மரியா மாண்டிசோரி அம்மையார்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் பெரியோர் கேட்பார்கள். சென்ற திருவருகைக் காலத்தில், பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கு மாலை வேளையில் நற்பண்புகளைச் சொல்லித் தரும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. அந்தப் பழமொழியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சென்றோம். அன்பு, பகிர்தல், மன்னித்தல் என்று வரிசையாகச் சொன்னோம். குழந்தைகள் கேட்கவில்லை. மிட்டாய் காட்டினோம். மிட்டாய் தீரும் வரையில்தான் அமைதி நிலவியது.

ஒரு நாள் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் குடிலில் இருந்த பாலன் இயேசுவின் சுரூபத்தைக் கையில் எடுத்துவிட்டான். உடைத்துவிடுவாய் என்று அதட்டி, அவன் கையிலிருந்து பிடுங்கினோம். அவன் தேம்பித் தேம்பி அழுதான். அழுகை ஓய்ந்த பின்தான் உண்மை தெரிந்தது. பாப்பாவுக்குக் குளிருமே என்று தன் கைக்குட்டையால் போர்த்துவதற்காகத்தான் எடுத்தானாம்! அன்பைப் பற்றி அரை மணி நேரம் பேசிய எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அன்பு யாரிடம் இருந்தது? அதட்டியது யார்?

அந்த வெட்கத்தோடுதான் மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினோம். படித்ததைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இத்தாலி நாட்டில், அங்கோனா மாநிலத்தைச் சேர்ந்த கியாரவல்லே என்னும் சிற்றூரில், 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்திரோ அரசு அலுவலர். தாய் ரெனில்தே படிப்பில் ஆர்வம் மிக்கவர். பெற்றோருக்கு மரியா ஒரே மகள். குடும்பம் ரோமாபுரிக்குக் குடியேறியது. பெண்கள் படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்கு மேல் என்ன என்று எண்ணிய காலம் அது. மரியாவோ ஆசிரியை ஆகமாட்டேன் என்றார். மருத்துவம் படிக்கப் புறப்பட்டார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தாய் துணை நின்றார். பிணத்தை அறுத்துப் பார்க்கும் பாடத்தில் ஆண் மாணவரோடு ஒரு பெண் நிற்பது தகாது என்றார்கள். ஆகவே எல்லாரும் போன பிறகு, அந்தக் கூடத்தில் தனியே நின்று படித்தார். 1896-ஆம் ஆண்டு ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலி கண்ட முதல் பெண் மருத்துவர்களுள் அவர் ஒருவர்.

இதைப் படிக்கும்போது நம் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் நினைவு வராமல் இருக்குமா? அவரும் ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் நுழைந்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் படிப்பை முடித்தவர். அவரும் ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காக ஔவை இல்லம் அமைத்தவர். கடல்கள் பல நடுவில் கிடந்தாலும் இருவர் உள்ளமும் ஒன்றே.

மருத்துவரான மரியாவைக் குழந்தைகளிடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள், உலகம் ஒதுக்கிய பிள்ளைகள்தாம். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை அந்நாளில் மனநோய் விடுதிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்கி விளையாடுவதைக் கண்ட பணியாளர்கள் அதைப் பெருந்தீனி என்றார்கள். மரியா சுற்றிலும் பார்த்தார். வெறும் சுவர்களைத் தவிர அந்த அறையில் வேறொன்றும் இல்லை. அவர்கள் தேடியது உணவை அன்று. கைக்கு வேலையை என்று கண்டுகொண்டார். பிரெஞ்சு நாட்டு மருத்துவர்களான இதார், செகேன் ஆகியோரின் நூல்களைக் கற்று, தொட்டும் அடுக்கியும் கோத்தும் அறியும் கருவிகளைச் செய்து கொடுத்தார். படிக்கவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் கற்றார்கள்.

பின்னர் வந்தது 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள். அது மூவரசர் திருநாள் என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் உடனே அறிவோம். ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த அடுக்குக் கட்டடம் ஒன்று இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறுவர்கள் சுவரில் கிறுக்கி, மாடிப்படிகளைப் பாழாக்கினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் கட்டடக்காரர்கள் அம்மையாரை அழைத்தார்கள். ஆறு வயதுக்குட்பட்ட ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளுடன் ‘குழந்தைகள் இல்லம்’ அன்று திறக்கப்பட்டது. கீழ்த்திசை ஞானிகள் மூவர் ஏழைக் குடிசையில் ஒரு குழந்தையின் முன் மண்டியிட்ட நாளில், மருத்துவப் பட்டம் பெற்ற இந்த ஞானியும் ஏழைக் குழந்தைகளின் முன் வந்து நின்றார். அன்றைய திருப்பலியின் வாசகம், இருளில் எழும் ஒளியைப் பற்றியது. அது தம் பணிக்கு வந்த செய்தி போலத் தமக்குத் தோன்றியதாக அம்மையார் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அங்கே அவர் கற்பித்ததைவிடக் கற்றதே அதிகம். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் நிமிர்ந்தும் பாராமல் நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்து முடித்து, உறங்கி எழுந்தவள் போல முகம் மலர்ந்து சிரித்தாள். சிறு பிள்ளைக்கு மனம் ஓரிடத்தில் நில்லாது என்று யார் சொன்னது? மற்றொரு நாள் ஆசிரியை பெட்டகத்தைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் அவர் வருமுன்பே பிள்ளைகள் பெட்டகத்தைத் திறந்து, தமக்கு வேண்டிய கருவியை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தோன்றியது. அம்மையாரோ தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அவர்களுக்கு இருக்கிறது என்று மகிழ்ந்து, அன்று முதல் கருவிகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகளில் வைக்கச் செய்தார். பரிசாகக் கொடுத்த மிட்டாய்களையும் பதக்கங்களையும் அந்தப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை என்பதைப் படித்தபோது, எங்கள் மிட்டாய்ப் பொட்டலம் நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றிலும் எங்கள் நெஞ்சைத் தொட்டது இன்னொரு நிகழ்ச்சி. ஒரு நாள் முற்றத்தில் நின்ற தாயிடமிருந்து நான்கு மாதப் பச்சைக் குழந்தையை வாங்கிக்கொண்டு அம்மையார் வகுப்புக்குள் வந்தார். அந்நாட்டு வழக்கப்படி அக்குழந்தை துணிகளில் பொதிந்து சுற்றப்பட்டிருந்தது. இந்தப் பாப்பா எவ்வளவு அமைதியாக இருக்கிறாள், இவளைப் போல உங்களால் இருக்க முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் கால்களை ஒடுக்கினார்கள். மூச்சையும் மெல்ல விட்டார்கள். அதுவரை காதில் விழாத கடிகார ஓசை கேட்டது. அதட்டல் இல்லை, பிரம்பு இல்லை. துணிகளில் பொதிந்த ஒரு குழந்தை அறைக்குள் அமைதியைக் கொண்டு வந்துவிட்டது! பெத்லகேமின் இரவும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

1908-ஆம் ஆண்டு டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். அன்று விடியற்காலையில் மெஸ்ஸீனா நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளுக்கிடையே தனித்துக் கிடந்த ஏறத்தாழ அறுபது குழந்தைகள் ரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய பெயர் கூட யாருக்கும் தெரியாது. உண்ணாமல், உறங்காமல், இரவெல்லாம் அலறிய அப்பிள்ளைகளை ஏற்றுக்கொண்டவர்கள் பிரான்சிஸ்கன் மரியின் மறைபரப்புச் சகோதரிகள். இச்சபையின் நிறுவுநரான அன்னை மேரி ஆப் தி பாஷன் நம் மதுரை மறைத்தளத்தில் பணியாற்றியவர். உதகமண்டலத்தில் வேர்விட்ட அச்சபைக்குத் திருத்தந்தை அனுமதி அளித்த நாளும் 1877-ஆம் ஆண்டு ஜனவரி 6 தான்! அவர்களது ரோமாபுரி மடத்தில் அம்மையாரின் முறைப்படி இல்லம் தொடங்கியது. மேசை விரிப்பது, தண்ணீர் சிந்தாமல் கொண்டுவருவது, மற்றவருக்குப் பரிமாறிய பின் தாம் உண்பது ஆகியவற்றை அருட்சகோதரிகள் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார்கள். நாளடைவில் அந்த முகங்களில் சிரிப்பு திரும்பியது. பிறருக்குப் பணிவிடை செய்யும்போது நம் துயரும் ஆறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மறைக்கல்வியிலும் அம்மையார் புதுவழி கண்டார். பெரிய ஆலயங்களில் சிறு பிள்ளைகளுக்குத் தெரிவது என்ன? ஆவூர் பெரியநாயகி மாதா ஆலயத்துக்குத் திருவிழாவன்று சென்றால், கூட்டத்தில் நம் தம்பி தங்கையருக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் சேலை மடிப்புதான். அப்பா தோளில் தூக்கினால்தான் மாதா முகம் தெரியும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில் குழந்தைகளுக்கென்றே ஒரு சிற்றாலயத்தை அம்மையார் உருவாக்கினார். சிறு நாற்காலிகள், கைக்கெட்டும் உயரத்தில் தீர்த்தத் தொட்டி, கண்ணுக்கு நேரே படங்கள். பிள்ளைகளே கோதுமை விதைத்தார்கள்; திராட்சைக் கொடி வளர்த்தார்கள். அவ்விளைச்சலே அப்பமும் இரசமுமாகப் பீடத்துக்குச் செல்வதை அறிந்தார்கள். தைப்பொங்கலுக்குப் புதுநெல் எடுத்துவரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். திருவழிபாட்டு ஆண்டையும் திருப்பலியையும் குழந்தைகளுக்கு விளக்கி அம்மையார் நூல்களும் எழுதினார்.

துன்பமும் அவரை விடவில்லை. 1934-இல் முசோலினியின் ஆட்சியில் இத்தாலியிலிருந்த அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1936-இல் உள்நாட்டுப் போரால் ஸ்பெயினை விட்டும் வெளியேறினார். 1939-ஆம் ஆண்டு நவம்பரில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், அடையாற்றுப் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டார் என்று மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியே போக முடியாமல் இருந்தார். அவ்வாண்டு அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, பரிசாக மகனையே விடுதலை செய்தது அரசு.

போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். வயது வேறுபட்ட குழந்தைகளைச் செடி கொடிகளுக்கும் பூச்சிகளுக்கும் நடுவே கவனித்து, படைப்பு முழுவதும் ஒன்றுக்கொன்று பணிவிடை செய்கிறது என்னும் கருத்தை விரிவாக்கினார். 1946-இல் ஐரோப்பா சென்றவர், 1947-இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். அமைதியின் விதை குழந்தையிடத்தில் உள்ளது என்று நாடுதோறும் பேசிய அவர் பெயர் மும்முறை நோபல் அமைதிப் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டு நூர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

இவ்வளவும் படித்த பிறகு மீண்டும் பாலர் வகுப்புக்குச் சென்றோம். உயரமான மேடையில் இருந்த பெரிய குடிலை அப்படியே விட்டுவிட்டு, தரையில் ஒரு மணைப்பலகை மீது சிறு குடில் அமைத்தோம். ஆடுகளையும் இடையரையும் குழந்தைகளே களிமண்ணில் பிசைந்தார்கள். ஆட்டுக்கு ஐந்து கால் வந்தது, நாங்கள் திருத்தவில்லை. ஒருவர்பின் ஒருவராகக் கோட்டின்மேல் நடந்து, தண்ணீர் சிந்தாமல் கிண்ணம் ஏந்தி வந்து வைத்தார்கள். கடைசியாக அந்தச் சிறுவனிடம் பாலன் இயேசுவைக் கொடுத்து, மன்னித்துக்கொள் தம்பி என்றோம். அவன் சிறிது நேரம் எங்களையே பார்த்தான். பிறகு கைக்குட்டையை எடுத்துப் பாலனைப் பொதிந்து, வைக்கோலின்மேல் கிடத்தினான். யாரும் சொல்லாமலே அறை அமைதியாயிற்று. மன்னித்தல் என்னும் பாடத்தை அன்று கற்பித்தவன் அவன், கற்றவர்கள் நாங்கள்.

ஐந்தில் வளைய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இளங்கொடியை யாரும் இழுத்து வளைப்பதில்லை. பக்கத்தில் ஒரு கொழுகொம்பு நட்டால் அது தானே பற்றி ஏறும். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பறம்பு மலை நமக்கு அண்மையில்தான் இருக்கிறது. நம்மிடம் தேர் இல்லை. விடுமுறை நாட்களில் வீட்டிலிருக்கும் தம்பி தங்கையருக்காகச் சிறிது பொறுமையும், அவர்கள் கண்ணுயரத்துக்குக் குனியும் மனமும் இருந்தால் போதும். கடவுளே குழந்தையாக வந்தார் என்றால், குழந்தையின் முன் குனிவது நமக்குத் தாழ்வாகுமா, தோழியரே?