லூர்து வண்டியில் ஏறிய வைத்தியர்

சிறுநீரகம் பழுதுபட்ட மகனுக்குத் தாய் தனது சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தாள் என்ற செய்தியை இன்று நாம் பெரிய வியப்பின்றி வாசிக்கின்றோம். அவ்வாறு ஓர் உறுப்பைப் பொருத்தும்போது, துண்டித்த இரத்தக்குழாய்களை ஒரு சொட்டும் ஒழுகாமல் ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தாக வேண்டும். அந்தத் தையலை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் அலெக்சிஸ் கரெல் என்ற பிரெஞ்சு வைத்தியர். லூர்து அன்னையின் திருநாட் பிரசங்கங்களில் இவருடைய பெயரைக் கேட்டவர்கள் நம்மிற் பலர் இருப்பார்கள். ஆனால் பிரசங்கத்தில் வரும் கதை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது. மீதியையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

கரெல் 1873ஆம் ஆண்டு யூன் 28ஆம் நாள், பட்டுத் தொழிலுக்குப் பெயர்போன லியோன் நகரின் அருகே பிறந்தார். பட்டு வணிகரான தந்தையார் மகனின் சிறுவயதிலேயே காலமானார். பக்தியுள்ள தாயார் பிள்ளைகளை வளர்த்தார். சேசு சபைக் குருக்களின் பாடசாலையிற் படித்த கரெல், மருத்துவ மாணவனானபோது விசுவாசத்தைப் பெரும்பாலும் இழந்திருந்தார். அளந்தும் தொட்டும் பார்க்கக் கூடியதே உண்மை என்பது அக்காலத்துப் பிரெஞ்சுக் கல்வியுலகின் எண்ணம்.

1894 யூன் 24ஆம் நாள் லியோனுக்கு வந்திருந்த பிரான்சின் சனாதிபதி சாடி கர்னோவை ஓர் அராஜகவாதி கத்தியாற் குத்தினான். ஈரலுக்குச் செல்லும் பெருநாளம் அறுந்தது. நகரின் சிறந்த வைத்தியர்கள் சூழ நின்றும், அறுந்த குழாயைத் தைக்கும் வழி ஒருவருக்கும் தெரியவில்லை. நள்ளிரவு கடந்ததும் சனாதிபதி உயிர் நீத்தார். துணியைத் தைக்க முடியுமானால் நாளத்தை ஏன் தைக்க முடியாது என்ற கேள்வி இளைஞர் கரெலைப் பிடித்துக்கொண்டது. அவர் போனது பேராசிரியர் ஒருவரிடமல்ல. பூத்தையல் வேலையிற் பெயர்பெற்ற லெரூடியே என்னும் பெண்மணியிடம்! மிக மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளும் விதத்தை அவரிடம் பழகினார்.

1902இல் கரெல் வெளியிட்ட முறை கேட்பதற்கு எளிது. வட்டமான இரு வாய்களையும் சேர்த்துச் சமதூரத்தில் மூன்று தையல்கள் இடவேண்டும். அந்த மூன்று நூல்களையும் இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிறது. வளைந்த விளிம்பு நேர்கோடாகிவிடுவதால் ஊசி தடுமாறாமற் செல்லும். ஊசிக்கும் நூலுக்கும் வசிலீன் தடவுவார். தையல் வேலை தெரிந்த நம் தாய்மாருக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும்.

அதே ஆண்டில்தான் லூர்துப் பயணமும். நோயாளரை ஏற்றிச் செல்லும் யாத்திரை வண்டியில், வரமுடியாத நண்பரான ஒரு வைத்தியருக்குப் பதிலாகக் கரெல் ஏறினார். மரி பாயி என்ற இளம் பெண் காசநோய் முற்றி, வயிறு வீங்கி, சாகும் தறுவாயில் அதிற் கிடந்தாள். மே 28ஆம் நாள் லூர்தில் அவளது வயிற்றின்மீது ஊற்றுநீரை வார்த்தார்கள். கரெல் அருகில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் வீக்கம் வடிந்தது, நாடித்துடிப்புச் சீரானது. சில மாதங்களில் அவள் பிறரன்பின் புதல்வியர் சபையிற் சேர்ந்து, 1937 வரை உயிர்வாழ்ந்தாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருச்சபை இந்தக் குணமடைதலைப் புதுமைகளின் பட்டியலிற் சேர்க்கவில்லை. கரெலும் அன்று முழந்தாளிட்டு விசுவாசியாக எழும்பவில்லை. கண்டதைக் கண்டபடி சொன்னார். விளக்கம் தெரியாது என்றார். அதுவே போதுமானதாயிற்று. பக்தர்களுக்கு அவர் அவிசுவாசி. லியோன் வைத்தியர்களுக்கோ மூடபக்திக்காரர். அந்நகரில் அவருக்கு எதிர்காலம் இல்லாமற் போயிற்று. 1904இல் நிலம் வாங்கி மாடு வளர்த்தாவது பிழைக்கலாம் என்ற எண்ணத்தோடு கனடாவுக்குக் கப்பலேறினார்.

மருத்துவம் அவரை விடவில்லை. சிக்காகோவிலும், 1906 முதல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திலும் நாய்களின் சிறுநீரகங்களை எடுத்து மீண்டும் பொருத்தினார். 1908இல் அந்நகரிலே ஒரு வைத்தியருக்குப் பிறந்து சில நாட்களேயான பெண் குழந்தை, இரத்தம் ஒழுகிச் சாகக் கிடந்தது. இரத்தத்தைச் சேமித்து வைக்கும் வழி அன்று இல்லை. கரெல் அவர்கள் வீட்டுக்கே சென்று, தந்தையின் மணிக்கட்டு நாடியைக் குழந்தையின் கால் நாளத்தோடு தைத்து இணைத்தார். வெளிறிக் கிடந்த உடல் சிவந்தது, குழந்தை பிழைத்தது.

1912இல் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தது. ஆயினும் தமது வெற்றியின் எல்லையைக் கரெலே கண்டு சொன்னார். ஒரு மிருகத்தின் சிறுநீரகத்தை அதற்கே திரும்பப் பொருத்தினால் வேலை செய்யும். வேறொன்றினுடையதைப் பொருத்தினால் சில நாட்களில் அழிந்துவிடும். தையலிற் குறையில்லை; உடல்தான் அந்நியனை ஏற்க மறுக்கிறது. 1954 டிசெம்பர் 23இல் பொஸ்ரன் நகரில் யோசப் மறே என்ற கத்தோலிக்க வைத்தியர், ஒத்த இரட்டையரிடையே சிறுநீரகத்தை மாற்றி வைத்தபோதே அந்தத் தடை முதன்முதலாகக் கடக்கப்பட்டது.

முதலாம் உலகப் போரின்போது கொம்பியேன் நகர வைத்தியசாலையில், ஆங்கில இரசாயனவியலாளர் டேக்கினோடு சேர்ந்து, அழுகும் காயங்களை இறப்பர்க் குழாய்கள் வழியே மருந்து நீரால் இடைவிடாது கழுவும் முறையை உருவாக்கினார். கைகால்களை இழக்கவிருந்த எத்தனையோ போர்வீரர்கள் அதனால் தப்பினர். அவருடைய மனைவியும் அங்கே தாதியாகப் பணிபுரிந்தார்.

இனி, பிரசங்கங்களில் வராத பகுதி. 1935இல் கரெல் எழுதிய, மனிதனைப் பற்றிய நூல் உலகெங்கும் பெருந்தொகையாக விற்பனையானது. செபத்தின் வல்லமையைப் பேசிய அதே நூலில், கொடிய குற்றவாளிகளையும் குற்றமிழைத்த மனநோயாளரையும் நச்சுவாயுவால் வேதனையின்றிக் கொன்றுவிடலாம் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டு ஜேர்மன் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் நாட்சி அரசின் நடவடிக்கைகளைப் பாராட்டினார். மனிதரைத் தரம் பிரிக்கும் இத்தகைய எண்ணங்களைப் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1930இலேயே கண்டித்திருந்தார். 1940, 1941ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியில் மனநோயாளரும் அங்கவீனரும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர். அதை மூன்ஸ்ரர் ஆயர் வொன் காலன் பீடத்தில் நின்று பகிரங்கமாகக் கண்டித்தார். பிறந்து சில நாளேயான ஒரு சிசுவுக்காக அத்தனை பாடுபட்ட கைகள் எப்படி அந்த வரிகளை எழுதின என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய லூர்து அனுபவத்தை எடுத்துக்காட்டும் நாம் இதை மறைக்கலாகாது.

1941இல் பிரான்சுக்குத் திரும்பிய கரெல், ஜேர்மனியரோடு ஒத்துழைத்த விஷி அரசின் ஆதரவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்தினார். 1944இல் பாரிஸ் விடுதலை பெற்றதும் அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடைபெறுமுன்னே இருதயநோய் அவரை வீழ்த்தியது. இறுதி ஆண்டுகளில் அவருக்கு நண்பராயிருந்த துறவியான அலெக்சிஸ் பிரெஸ் அடிகள் வந்து, இறுதித் தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார். நவம்பர் 5ஆம் நாள் கரெல் காலமானார். பிரித்தானிக் கரையோரத்தில் அவர் வாழ்ந்த சிறு தீவின் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பெயரைத் தாங்கியிருந்த லியோன் மருத்துவ பீடம் 1996இல் அந்தப் பெயரை நீக்கிவிட்டது.

லூர்துப் பயணத்தைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த ஏடு, இறந்து ஐந்தாண்டுகளின் பின், 1949இலேயே அச்சேறியது. அதிற் கதையைச் சொல்லும் வைத்தியருக்கு அவர் இட்ட பெயர் லெராக். பிரெஞ்சு எழுத்துக்களிற் கரெல் என்பதை வலமிருந்து இடமாக வாசித்தால் வரும் பெயர் அது.