ஊருக்கே பண்டிகை சமையல் சொல்லிக் கொடுத்தவர்... 74 வயதில்தான் தனி வீடு! யார் இந்த ஹென்ரியெட் டாவிடிஸ்?

டிசம்பர் வந்தாலே ஜெர்மன் வீடுகளில் கிராம்பு, பட்டை, தேன் வாசனை தூக்கும். வறுத்த பெரிய வாத்து, ஆப்பிள் சேர்த்த ஊதா முட்டைகோஸ், லெப்குகன் எனும் மசாலா பிஸ்கட், சூடான பானங்கள் என மேசை நிறையும். இதையெல்லாம் அளவு பார்த்து, யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம் என்ற நம்பிக்கையை 19-ம் நூற்றாண்டில் பல தலைமுறைப் பெண்களுக்குக் கொடுத்தது ஒரு புத்தகம். அதை எழுதியவர் ஹென்ரியெட் டாவிடிஸ்.

யார் இவர்?

1801 மார்ச் 1 அன்று, மேற்கு ஜெர்மனியின் ரூர் ஆற்றுப் பகுதியில் உள்ள வெங்கெர்ன் கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார், அம்மா நெதர்லாந்துக்காரர். 13 பிள்ளைகளில் இவர் 10-வது.

15 வயதிலேயே அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்தபடியே பள்ளியில் படித்தார். பிறகு இன்னொரு அக்கா வீடு. அப்பா இறந்ததும் ஊர் திரும்பி, 1838-ல் அம்மா இறக்கும் வரை உடனிருந்து கவனித்துக்கொண்டார். இரண்டு முறை நிச்சயதார்த்தம் நடந்ததாகவும், இரண்டு மாப்பிள்ளைகளும் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. கடைசிவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் கல்யாணம் ஆகாத, சொத்தும் இல்லாத பெண்ணுக்கு வழிகள் ரொம்பக் கம்மி. உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்ளணும், இல்லைன்னா பிறர் வீட்டில் வேலைக்குப் போகணும். 1841 முதல் 1848 வரை ஸ்ப்ரோக்ஹோவலில் பெண்களுக்கான கைத்தொழில் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்தார்.

புத்தகத்தில் என்ன ஸ்பெஷல்?

அந்த வேலைக்கு நடுவில்தான், 1845-ல் சமையல் புத்தகம் வந்தது. குறிப்புகள் நம்பகமானவை, தானே செய்து பார்த்தவை என்று தலைப்பிலேயே உறுதி கொடுத்திருந்தார். தினசரி சாப்பாடு, விருந்துச் சமையல், கேக் வகைகள், சூடான பானங்கள், பழங்களைப் பதப்படுத்தி வைப்பது என எல்லாம் அதில் உண்டு. முக்கியமாக, சமையலில் முதல் அடி எடுத்து வைப்பவர்களுக்காகவே எழுதியதாகவும் தலைப்பில் சொல்லியிருந்தார்.

கல்யாணப் பரிசாகவே இந்தப் புத்தகத்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அம்மா பக்கத்தில் இல்லாத புதுப்பெண்ணுக்கு இதுதான் துணை.

அடுத்து காய்கறித் தோட்டம் பற்றி ஒரு புத்தகம். 1856-ல் பொம்மை அடுப்பில் சமைத்து விளையாடும் சிறுமிகளுக்காக ஒன்று. 1861-ல் குடும்பத் தலைவிகளுக்கான கையேடு. கணவன், பிள்ளைகள், சொந்த வீடு என எதுவும் இல்லாத ஒருவர்தான், வீடு நடத்துவது எப்படி என்று நாட்டுக்கே சொல்லிக் கொடுத்தார்.

ஒரு சின்ன சாம்பிள்

ஜெர்மன் பண்டிகை மேசையில் தவறாமல் இருக்கும் ஊதா முட்டைகோஸ் நம்ம கிச்சனிலும் ஈஸிதான். கோஸை மெலிதாக நறுக்கி, வெண்ணெயில் லேசாக வதக்கணும். ஒரு ஆப்பிள் துண்டுகள், இரண்டு மூன்று கிராம்பு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர், ஒரு கரண்டி வினிகர் சேர்த்து மூடி, சிறு தீயில் சுமார் ஒரு மணி நேரம் வேக விட்டால் போதும். வினிகரை மட்டும் மறந்துடாதீங்க. புளிப்பு இருந்தால்தான் அந்தச் சிவப்பு நிறம் நிற்கும். இல்லைன்னா கோஸ் நீலம் பாய்ந்துவிடும்.

பணம் வந்ததா?

புகழ் வந்த அளவுக்கு வரவில்லை. 1857-ல் டார்ட்மண்ட் நகரில் குடியேறியபோதும், இன்னொருவர் வீட்டில் ஒரு பகுதியில்தான் வாடகைக்கு இருந்தார். புத்தகங்கள் பதிப்பு மேல் பதிப்பு கண்டன. ஆனா, தனக்கென்று ஒரு தனி வீடு எடுத்துக் குடிபோனது 1875-ல், 74 வயதில்தான். அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. 1876 ஏப்ரல் 3 அன்று காலமானார். அப்போது சமையல் புத்தகம் 21-வது பதிப்பைத் தொட்டிருந்தது.

அதன் பிறகு?

1879-ல், அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களுக்காக மில்வாக்கி நகரில் தனிப் பதிப்பு வந்தது. ஊரை விட்டுக் கடல் கடந்து போனவர்கள், கிறிஸ்துமஸ் சாப்பாட்டை அங்கேயும் அதே ருசியில் செய்ய இந்தப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஜெர்மனியில் லூயிஸ் ஹோலே என்பவர் அதைத் திருத்தி, தொடர்ந்து வெளிவரச் செய்தார்.

டாவிடிஸ் பிறந்த வெங்கெர்னில் இன்று அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பழைய பாதிரியார் இல்லத்து அடுப்பின் இரும்புத் தகடுகளும் அதில் பதிக்கப்பட்டிருக்கின்றன.