காரைக்காலம்மையார்

வணிக குலத்துதித்து உலகம் போற்ற விளங்கினோருள் காரைக்காலம்மையார் தலையாயவர். அறுபத்துமூன்று நாயன்மாருள் பெண்பாலார் மூவரே. அம்மூவருள் ஒருவர் நம் குலக்கொடி என்பது நமக்குப் பெருமை தருவதாம். ஆயின் அப்பெருமை எதனால் வந்தது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

காரைக்காலில் வணிகர் தலைவனாகிய தனதத்தனுக்கு மகளாய்த் தோன்றிய இவரது பிள்ளைத் திருநாமம் புனிதவதி. பேரழகும் பெருஞ்செல்வமும் ஒருங்கே வாய்ந்த இவரை, நாகப்பட்டினத்து நிதிபதியின் மைந்தனாகிய பரமதத்தன் மணந்தான். ஒரு நாள் அவன் கடையிலிருந்து அனுப்பிய மாங்கனி இரண்டில் ஒன்றை, பசித்து வந்த சிவனடியார்க்கு அம்மையார் இட்டனர். மற்றொன்றை உண்ட கணவன் மீண்டும் கேட்க, இறைவன் அருளால் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாயிருக்கக் கண்டு வினவியவன் உண்மையறிந்து அஞ்சினான். இவர் மானிடப் பெண்ணல்லர் எனத் துணிந்து, வாணிகத்தின் பொருட்டெனக் கப்பலேறிச் சென்று, பின் பாண்டி நாட்டு நகரொன்றில் வேறொருத்தியை மணந்து வாழ்ந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான்.

சுற்றத்தார் இச்செய்தி கேட்டு, அம்மையாரைச் சிவிகையேற்றி அங்கே கொண்டு சென்றனர். பரமதத்தனோ மனைவியோடும் மகவோடும் வந்து அவர் திருவடியில் வீழ்ந்தான். அப்போது அம்மையார் அழவுமில்லை, வழக்குரைக்கவுமில்லை. கணவன் பொருட்டுச் சுமந்த அழகு இனி வேண்டுவதில்லையென அதனை நீக்கிப் பேயுருவம் அருளுமாறு இறைவனை வேண்டிப் பெற்றனர்.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அம்மையார் அழகை இகழ்ந்தாரல்லர். இல்லறத்தில் நின்றவரை அதனைப் பேணியே வாழ்ந்தனர். பிறர் வைத்த அடைக்கலப் பொருளை நேர்மையுள்ள வணிகன் காத்து, காலம் வந்தபோது குறையின்றித் திருப்பித் தருவதுபோல, அழகைத் திருப்பித் தந்தனர். தமக்கென வைத்துக்கொண்டது அன்பொன்றே.

கயிலைக்குத் தலையால் நடந்த அவரை, தாய் தந்தையரில்லாத பெருமானே அம்மையென்றழைத்தனன். அவர் நடந்த திருவாலங்காட்டை மிதித்தற்கஞ்சித் திருஞானசம்பந்தர் ஊர்ப்புறத்தே தங்கினர். அம்மையார் அருளிய பாடல்கள் 143 பதினோராந் திருமுறையில் விளங்குகின்றன. சோழர் காலச் சிற்பிகள் வார்த்த, எலும்பு தோன்றும் மேனியும் கையில் தாளமுமாய் அமர்ந்த அவரது செப்புத் திருமேனி, கடல் கடந்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திலும் காண்போரை வணங்கச் செய்கின்றது. 

இங்ஙனமிருக்க, நம் குலத்து விவாகப் பேச்சுகளில் முதலில் வினவப்படுவன பெண்ணின் நிறமும் நகையின் நிறையுமேயாம். நிறங் குறைந்ததென்று மறுக்கப்பட்டு, கண்ணீரோடு மூலையில் ஒதுங்கும் நங்கையர் நம் இல்லங்களில் இல்லையோ? நகைக்காகக் கடன்பட்டு முதலிழந்த தந்தையர் இல்லையோ? பசித்தவர்க்குக் கனியீயும் கையே அம்மையார் வழிவந்த மகளிர்க்கு அணிகலன். பெண் பார்க்கச் செல்வோர் இனி அவ்வணியை முதலில் தேடுவாராக. அதுவே அம்மையாரை நம் குலத்தவரென்று சொல்லிக்கொள்ளும் உரிமையை நமக்குத் தருவதாம்.